சீனுவாசன் பைப்பு ஒழுகும் நாட்கள்

சூசைநாதனுக்கு எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப வராது. ரயில்வேயில் முப்பத்து நான்கு வருடம். அதில் கடைசி பதினெட்டு வருடம் கீமேன். விடிகாலையில் தோளில் பையும் கையில் சுத்தியுமாகத் தண்டவாளத்தில் இறங்கினால், அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். சத்தத்தைக் கேட்பார். தளர்ந்திருந்தால் இறுக்குவார். அப்புறம் அடுத்தது. நேற்று இறுக்கமாக இருந்ததே என்பதெல்லாம் அந்த வேலையில் செல்லாது. இப்படியே பழகிப்போன மனிதரிடம், சந்தையில் வாங்கிய தேங்காயிலிருந்து கட்டிய பெண்டாட்டியின் பேச்சு வரைக்கும் ஒரு தட்டு வாங்காமல் தப்பித்தது எதுவும் கிடையாது.

பிப்ரவரி கடைசியில் ரிட்டயர்மெண்ட். சேர்ந்து கிடக்கிற லீவை எடுக்காவிட்டால் வீணாகத்தான் போகும் என்று ஆபீசில் சொன்னார்கள். அதனால் கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். திங்கள், செவ்வாய், புதன் விழுப்புரத்தில் வேலை. புதன் சாயங்காலம் பாசஞ்சர் பிடித்துப் பேரணி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்தால், ஞாயிறு சாயங்காலம் வரை கொல்லையைப் பார்த்துக்கொள்வது.

"ஒரேயடியா வந்து குந்திட்டா பைத்தியம் புடிச்சிடும். கொஞ்சங் கொஞ்சமா பழகிக்கிறேன்" என்று மனைவி ஆரோக்கியசெல்வியிடம் சொன்னார். 

"யாருக்குப் பைத்தியம் புடிக்கும்?" என்றாள் செல்வி.

கொல்லை எழுபது சென்ட் நிலம். அவருடைய அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிச் செத்தவர். காலனியில் சொந்தப் பட்டா வைத்திருக்கும் ஏழெட்டுக் குடும்பங்களில் சூசைநாதன் குடும்பமும் ஒன்று என்பதில் அவருக்கு ஒரு மிதப்பு உண்டு. ஆனால் அந்த மண்ணில் இருபத்திரண்டு வருடமாகக் குனிந்து நிமிர்ந்தவள் செல்விதான். அவர் விழுப்புரம் குவார்ட்டர்சில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவார். பூசை, கறிச்சோறு, ஒரு தூக்கம், சாயங்கால ரயில். கொல்லையைப் போகிற வழியில் நின்று ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான்.

ஜனவரி கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை, பயிருக்குள் இறங்கி நின்றபோதுதான் முதல் சந்தேகம் வந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டு ஒன்றரை மாதம். பூ வைத்து, விழுது மண்ணில் இறங்குகிற பருவம். இலை கறுத்துச் செழித்திருந்தது. அது சந்தோஷம்தான். ஆனால் காலுக்கடியில் மண் ஜில்லென்று இருந்தது. மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. கொல்லையில் கிணறு கிடையாது, போர் கிடையாது.

"இந்த ஈரம் எங்கேருந்து வந்துச்சி?"

"பனிதான்" என்றாள் செல்வி, நிமிராமல்.

"பனி நாலு வெரக்கட ஆழத்துக்கு எறங்குமா?"

"எறங்குது போலக்குது. மண்ணாண்ட போய்க் கேளுங்க."

அவர் ஒரு குச்சியை ஒடித்து அங்கங்கே குத்திப் பார்த்தார். மேற்கே போகப் போக ஈரம் குறைந்தது. கிழக்கு வரப்போரம் குச்சி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கிழக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் சீனுவாசன் நிலம்.

சீனுவாசன் ஊர்ப்பக்கத்து ஆள். மூன்று தலைமுறையாக அங்கே பயிர் வைக்கிற குடும்பம். சின்ன வயதில் சூசைநாதனும் அவரும் ஒரே பள்ளிக்கூடம். சீனுவாசன் அவரை 'நீ' என்பார். இவர் பதிலுக்கு 'நீங்க' என்பார். ரயில்வே வேலை கிடைத்த பிறகு இவர் இரண்டையும் விட்டுவிட்டு, ஆளைக் குறிக்காமலே பேசிச் சமாளிக்கக் கற்றுக்கொண்டார். ஒரு காலத்தில் சீனுவாசன் கிணற்றுத் தண்ணீர்தான் இந்தக் கொல்லைக்கும் பாய்ந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அது நின்றுபோனது. அதற்குக் காரணம் சூசைநாதன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லைக்கல் ஓரடி உள்ளே வந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. தோன்றினால் சும்மா இருப்பாரா? டீக்கடையில் நாலு பேர் எதிரில், கல்லைப் பிடுங்கி நட்டது சீனுவாசன்தான் என்று கத்தினார். சர்வேயரைக் கூட்டிவந்தார். சர்வேயர் சங்கிலி போட்டு அளந்தார். கல் இருந்த இடத்தில்தான் இருந்தது. சூசைநாதனின் வரப்புதான் அரை அடி அந்தப் பக்கம் போயிருந்தது. அன்றைக்கே சீனுவாசன் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் கற்பூரத்தைக் கொளுத்தி, கையால் அடித்து அணைத்து, இனிமேல் அந்த ஆளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டார்.

அப்படிப்பட்டவருடைய வரப்போரம் ஈரமாக இருக்கிறது என்றால் சூசைநாதன் மனசு எங்கே போகும்? வரப்பை ஊறவைத்து, சரியவைத்து, அப்புறம் ஏர் ஓட்டும்போது ஒரு உழவுசால் இந்தப் பக்கம் போட்டுவிட்டால் யார் கேட்பது? நேராகக் கல்லைப் பிடுங்கி மாட்டிக்கொள்ள ஆசைப்படாதவன் இப்படித்தான் செய்வான்.

மறுநாள் இன்னொன்று கண்ணில் பட்டது. காலை ஏழு மணிக்கு செல்வி சீனுவாசன் நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சீனுவாசன் மனைவி வீரம்மாள். இரண்டு பேரும் தலையோடு தலை ஒட்டி வைத்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். இவர் வரப்பில் ஏறியதும் சிரிப்பு அப்படியே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "அவங்க கொல்லில உனுக்கு இன்னா வேல?"

"சும்மாதான். பேச்சுத் தொணைக்கு."

"பேச்சுத் தொணைக்குப் போறவ கைல எதுக்குக் களக்கொத்து?"

"அய்ய, கை சும்மா இருந்தா எனுக்குப் பேச்சு வராது. ரயில எறக்கிவுட்டுட்டு வந்து என் தலையில ஏறாதீங்க."

"கூலி குடுக்கறாங்களா?"

"கூலியுமில்ல, கோழியுமில்ல. சோறு ஆறுது, துன்னுங்க."

கூலி வாங்காமல் ஒருத்தி இன்னொருத்தர் நிலத்தில் களை எடுக்கிறாள் என்றால் அதற்கு வேறு ஏதோ கைமாறுகிறது. அது என்ன? நிலத்தை அவர்களுக்கே விட்டுவிடப் பேச்சு நடக்கிறதா? ரிட்டயர்மெண்ட் நெருங்க நெருங்கச் செல்வி போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசுவது எதற்காக? சந்தேகம் வந்தால் அவருக்கு வயிறு மந்தமாகிவிடும். அதற்காகவே பெருங்காயம் போட்டு மோர் கலந்து வைத்தாள் செல்வி. அந்த மோரையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஊரே கறிக்கடையில் நிற்கிற நேரம் பார்த்துத் தனியாகச் சைக்கிளில் கொல்லைக்குப் போனார். கிழக்கு வரப்பைக் கோடியிலிருந்து கோடி வரை, தண்டவாளத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே நடந்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் சீனுவாசன் மோட்டார் ஷெட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போகிற பைப்பு ஓடியது. நடுவில் வளைந்த ஒரு இரும்பு பெண்டும் பிளாஸ்டிக் பைப்பும் சேருகிற இடம். அதன் மேல் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தது. ஜாயிண்டு காய்ந்துதான் இருந்தது. ஆனால் அதன் கீழே மட்டும் கைப்பிடி அளவுக்குக் குழி. குழியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல். குழியிலிருந்து வரப்புக்கு அடியில் ஒரு எலி வளை, இவருடைய கொல்லைக்குள் வாய் வைத்துத் திறந்திருந்தது. எலி இவ்வளவு நேராக வளை தோண்டுமா?

டியூப்பை அவிழ்த்தார். கிளாம்ப்பில் இருந்த இரண்டு போல்ட்டும் விரலால் தொட்டாலே சுற்றின.

கண்டுபிடித்துவிட்டோம் என்று அவருக்கு உடம்பெல்லாம் சூடு ஏறியது. அதை விடப் பெரியது இன்னொன்று. தளர்ந்த போல்ட்டைக் கண்டுவிட்டு அப்படியே விட்டுப் போக அவருடைய கை சம்மதிக்காது. சைக்கிள் கேரியரில் இருந்த பையிலிருந்து ரயில்வே ஸ்பேனரை எடுத்தார். இரண்டு போல்ட்டையும் முறுக்கினார். முறுக்கி, காலால் மிதித்து இன்னொரு சுற்று முறுக்கினார். வளையில் மண்ணைப் போட்டு அடைத்தார். டியூப்பை முன் போலவே சுற்றிவிட்டு, செல்வியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாயங்கால ரயிலேறிவிட்டார். அவளும் இதில் கூட்டாக இருந்தால்? அதனால்தான் சொல்லவில்லை.

அந்த வாரம் விழுப்புரத்தில் நன்றாகத் தூங்கினார்.

புதன்கிழமை பொழுது இறங்குகிற நேரத்தில் ஊர் வந்து சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. பையைக் கூட இறக்காமல் கொல்லைக்கு நடந்தார். தூரத்திலேயே தெரிந்தது. கிழக்கு வரப்பில் இரண்டு பெண்கள் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி செல்வி. கையில் கொறடு. இன்னொருத்தி வீரம்மாள். கையில் கருங்கல்.

"இன்னா நடக்குது இங்க?" என்றார், பிடிபட்டவர்களைப் பார்த்துக் கேட்கிற குரலில்.

வீரம்மாள் நிமிர்ந்தாள். "வந்துட்டாருடி உங்கூட்டு போலீசு." உள்ளங்கை கிழிந்து, முந்தானையைச் சுற்றியிருந்தாள். "வாங்க. நீங்களும் வந்து பாருங்க இந்தக் கொடுமய. கையால திருவுனா திரும்பறாப்ல நான் வச்சிருந்த போல்ட்ட எந்தக் கட்டைல போறவனோ வந்து முறுக்கிட்டுப் பூட்டான். மூணு நாளா தொறக்க முடியல. அவன் கையில கரையான் ஏற. அவன் துன்ற சோறு தொண்டைல நிக்க. நல்லா இருப்பானா அவன்? சொல்லுங்க, நீங்களே சொல்லுங்க."

செல்வி அவருடைய முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். பையின் வாயில் ஸ்பேனரின் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, போதும், சாபம் குடுக்காத" என்றாள் மெதுவாக.

"ஏன்டி? குடுத்தா இன்னா? நல்லா குடுப்பேன்."

"குடுக்காதக்கா. நான் இந்த வயசுல தாலிய கழட்டணுமா?"

வீரம்மாளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கல்லைக் கீழே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டாள்.

செல்வி வரப்பில் உட்கார்ந்தாள். அந்தி மங்கலிலும் பயிர் தெரிந்தது. கறுத்திருந்த இலையெல்லாம் கைகூப்பின மாதிரி மடங்கிக் கிடந்தன. "நல்லா பாருங்க. விழுது எறங்கற நேரத்துல மண்ணு கட்டியாயிட்டா காய் எங்க புடிக்கும்? இன்னும் மூணு தண்ணி வேணும் இதுக்கு. இந்த ஒரு தண்ணி தப்பிப்போச்சி."

"அவங்கதான் தண்ணிய..."

"வீரம்மாக்கா தண்ணி வுட்டுச்சி. ஒம்போது வருஷமா வுடுது. நீங்க இல்லாத நாள்ல போல்ட்ட லூஸ் பண்ணி வுடும், நீங்க வர்றதுக்குள்ள கையால மூடிடும். நான் அதுக்குக் களை எடுக்கறேன். அக்கா ஊட்டுக்காரருக்கு இது தெரியாது. தெரிஞ்சா சத்தியத்த மீறிட்டன்னு அத உண்டு இல்லன்னு பண்ணிடுவாரு."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"உங்களாண்டயா?" செல்வி சிரித்தாள். அது சிரிப்பு இல்லை. "சொல்லியிருந்தா போய்த் தட்டிப் பாத்திருப்பீங்க. எதுக்குக் குடுக்கறாங்க, பின்னாடி இன்னா கேப்பாங்கன்னு சர்வேயரக் கூட்டியாந்திருப்பீங்க. சொல்லலன்னாலும் தட்டிட்டீங்க. நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க."

அன்று இரவு செல்வி அவருக்குச் சோறு போட்டாள். மோர் வைக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் ஸ்பேனரோடு கிளம்பினார். மோட்டார் ஓட்டுகிற மும்முனை கரண்ட் வர அரை மணி நேரம் இருந்தது. யாரும் வருவதற்குள் தளர்த்திவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணம். ஜாயிண்டுக்குப் பக்கத்தில் குந்தி டியூப்பை அவிழ்த்தபோது, மோட்டார் ஷெட் பக்கமிருந்து குரல் வந்தது.

"இன்னா சூசை, நம்ம பைப்புல இன்னா ரிப்பேரு?"

சீனுவாசன் ஷெட் படியில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயெல்லாம் பேஸ்ட் நுரை.

"போல்ட்டு..." என்றார் சூசைநாதன்.

"போல்ட்டு இன்னா?"

"டைட்டா இருக்குது."

"டைட்டா இருந்தா நல்லதுதானே? ரயில்வேக்காரன் நீ. டைட்டா இருந்தாதானே உனுக்குத் தூக்கம் வரும்?"

இந்த ஆளுக்கு எவ்வளவு தெரியும் என்று சூசைநாதன் கணிக்கப் பார்த்தார். பேஸ்ட் நுரைக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

சீனுவாசன் துப்பினார். "ஒம்போது வருஷமா ஒழுவற ஜாயிண்டு அது. நாலு வாட்டி பிளம்பரு வந்து சரிபண்றேன்னான். நான்தான் கெடக்குது வுடுன்னேன். நீ ஒரே நாள்ல சரிபண்ணிட்ட. பெரிய ஆளுதான்."

"அப்ப தெரியுமா?"

"என் கெணத்துத் தண்ணி எங்க போவுதுன்னு எனுக்குத் தெரியாதா? எலி வளைக்கு வாய் வெட்டுனதே நான்தான். ஆனா எனுக்குத் தெரியும்ன்றது வீரம்மாவுக்குத் தெரியாது. அவ எனுக்குத் தெரியாம ஒரு வேல செய்யறோம்னு நெனச்சிக்கினு இருக்கா. நீ பூந்து அதயும் கெடுத்துடாத."

ஒன்பது வருடம். சத்தியம் செய்த ஆள். சூசைநாதனின் மண்டைக்குள் எல்லாக் கிளிப்பும் ஒரே நேரத்தில் கலகலத்தன. "எதுக்கு?" என்று கேட்டுவிட்டார்.

"எதுக்குன்னா?"

"எதுக்கு வுட்டீங்க?" பழைய 'நீங்க' தானாக வந்து விழுந்தது.

"பார்றா, இப்பவும் எதுக்குன்றான்." சீனுவாசன் படியை விட்டு எழுந்தார். "யோவ், கண்ணெதிர்ல மல்லாட்ட காயுது. அத எவன்யா பாத்துக்கினு குந்தியிருப்பான்? அந்தச் செடிக்குத் தெரியுமா அது உன்னுதுன்னு? அதுக்கோசரம் நான் குடுத்தேன்னு நெனச்சிக்காத. குடுக்க மாட்டேன். கோயில்ல கற்பூரம் அடிச்சவன் நான். பழைய பைப்பு, ஒழுவுது. நீ ஊர்ல இல்லாதப்ப ஒழுவுனா அது பைப்போட குத்தம். நீ நின்னு பாத்துக்கினு இருந்தா அது நான் குடுத்ததா ஆயிடும். அப்பறம் நீ தேங்க்ஸ் சொல்லுவ. நான் சரி சரின்னு தலையாட்டணும். அந்தப் பேஜாரே வேணாம்."

"அந்தக் கல்லு விசயம்... நான் அன்னிக்கு..."

"கல்லப் பத்தி வாயத் தொறக்காத."

சூசைநாதன் ஸ்பேனரைக் கை மாற்றிக்கொண்டார்.

"நீ ரிட்டயர்டு ஆவப்போறியாமே?"

"இருபத்தெட்டாந்தேதி."

"அப்பறம் தெனமும் இங்கதான் வரப்புல குந்திக்கினு இருப்ப?"

"ஆமா."

"அப்ப பைப்பு இன்னா பண்ணும்? நீயே சொல்லு."

சீனுவாசன் சொம்பை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்று வாய் கொப்பளித்தார். ஒரு வாய் கொப்பளிக்க அவ்வளவு நேரம் யாருக்கும் ஆகாது. சூசைநாதன் ஸ்பேனரைப் போட்டு இரண்டு போல்ட்டையும் தளர்த்தினார். விரலால் சுற்றிப் பார்த்தார். சுற்றியது. வளையை அடைத்திருந்த மண்ணைத் தோண்டி எடுத்தார். டியூப்பைச் சுற்றினார்.

ஷெட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. சீனுவாசன் ஸ்டார்ட்டர் பக்கத்தில் போய் நின்றார். ஆனால் பட்டனை அழுத்தவில்லை. சட்டைப்பையைத் தடவினார், வானத்தைப் பார்த்தார். சூசைநாதன் நின்றுகொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு, வந்த வழியே நடந்தார். காலனித் தெருவுக்குள் நுழைகிற வரைக்கும் மோட்டார் சத்தம் கேட்கவில்லை. ஏமாற்றிவிட்டானோ என்று நினைத்துத் திரும்பிப் போகக் காலெடுத்தார். அப்போதுதான் அது உறுமத் தொடங்கியது.

வீட்டில் நடந்ததைச் சொன்னார். சீனுவாசனுக்குத் தெரியும் என்பதைச் சொன்னார். அதை வீரம்மாளிடம் சொல்லக்கூடாது என்பதையும் சொன்னார். செல்வி கேப்பை மாவைச் சலித்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த மாசத் தண்ணியெல்லாம் நீங்க வேலைக்குப் போற நாள்ல பாஞ்சிடும். அதுக்கு அடுத்தது மார்ச் மூணாந்தேதிக்குள்ள வேணும். அப்ப நீங்க வேலைல இல்ல" என்றாள்.

"ஆமா."

"அன்னிக்குக் கெளம்பிடுங்க."

"எங்க?"

"வேலைக்குத்தான்."

விழுப்புரம் ஆபீசில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, லட்டு கொடுத்து, ஒரு வேனில் ஏற்றி ஊர் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். சுத்தி, ஸ்பேனர், கொடிகள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் தேதி காலை ஐந்தரை மணிக்குச் செல்வி டிபன் கட்டிக் கொடுத்தாள். சூசைநாதன் ரயில்வே சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

டீக்கடைக்காரர் கூப்பிட்டார். "இன்னாண்ணே, அதான் அனுப்பி வச்சிட்டாங்களே! இன்னும் சம்பளம் இல்லாத டூட்டி பாக்கறியா?"

"பென்ஷன் பேப்பர் வேல" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். முப்பத்து நான்கு வருடத்தில் வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. கடைக்காரர் அதை நம்பினாரா என்று நாலு அடி நடந்து திரும்பிப் பார்த்தார். அவர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார்.

பேரணி ஸ்டேஷனில் ஆள் இல்லை. பிளாட்பாரத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கிழக்கே இரண்டு பர்லாங் லைன் ஓரமாக நடந்தால் மேடு ஒன்று வரும். அங்கே ஏறினால் அவருடைய கொல்லை முழுசாகத் தெரியும். யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

எழுந்தார். பிளாட்பாரம் முடிகிற இடம் வரை போனார். நான் பார்ப்பதை அந்த ஆள் பார்த்துவிட்டால்? அவன் கண் எவ்வளவு தூரம் போகும் என்று யார் கண்டது? ஒன்பது வருடம் ஒரு எலி வளையை மறைத்து வைத்தவன். சரிவில் ஒரு காலை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். சென்னைப் பக்கம் போகிற எக்ஸ்பிரஸ் ஒன்று தூசியை வாரி அடித்துக்கொண்டு கடந்தது. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து செல்விக்குப் போன் போட்டார்.

"போவுதா?"

"இன்னா போவுதா?"

"அதான்..."

"எனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஊட்ல களி கெளறிக்கினு இருக்கேன்."

அவளுக்குப் பின்னால் ஏதோ ஓடுகிற சத்தம் கேட்டது. மோட்டாரா, பக்கத்து வீட்டு மிக்சியா என்று பிரிக்க முடியவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டார்.

"பின்னாடி இன்னா சத்தம் அது?"

"ஏங்க."

"இன்னா?"

"போன வைங்க. பன்னெண்டு மணிக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்துடாதீங்க."

வைத்துவிட்டாள். ஸ்டேஷன் கடிகாரத்தில் மணி எட்டு ஐந்து. சூசைநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, கிழக்கே முதுகு இருக்கும்படி திரும்பி உட்கார்ந்தார்.